காப்பு அவிழ்க்கும் வரை

என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுச் சுற்றுலா கம்பெனி தொடங்கியபோது முதல் பயணத்துக்கு ஆள் சேரவில்லை. எங்களைக் கூப்பிட்டான். கல்வராயன் மலையில் மூன்று நாள். ஆதிகாலத்துக் கல்திட்டைகள், அருவி, மலைகிராமத்தில் தங்கல், சாமைச் சோறு. குடும்பத்தோடு வரவேண்டும், செலவு அவனுடையது.

“சோதனைக்கு எலி வேணும். அதான் நம்மளக் கூப்புடறான்” என்றேன்.

“எலிக்கு இன்னா கசக்குது? கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை எங்க கூட்டிக்கினு போயிருக்கீங்க? தை மாசம் ஆத்துத் திருநாளுக்கு. அதுவும் வூட்டுலேருந்து நடந்து” என்றாள் மனைவி.

எங்கள் வீடு மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றுக் கரையில். கரும்பு வைத்திருக்கிறேன். கரும்பு வைத்தவன் ஊரை விட்டு நகர முடியாது என்பது நான் அவளிடம் காலகாலமாகச் சொல்லிவந்த சாக்கு. அந்தச் சித்திரையில் அது செல்லுபடியாகவில்லை. மில்லிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை வெட்டு. அந்த நாளைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது, கரும்பு காய்ந்து எடை போய்விடும். ஆனால் நாங்கள் கிளம்புவது சனிக்கிழமை, திரும்புவது திங்கட்கிழமை. இடிக்கவில்லை. சரி என்றேன்.

கிளம்புவதற்கு முன் மச்சினன் போனில் விதிமுறைகள் அனுப்பினான். பிளாஸ்டிக் கூடாது. கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. மலைப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பழக்கக் கூடாது. சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது. கல்திட்டைமேல் ஏறக் கூடாது. கடைசியில் தடித்த எழுத்தில் ஒன்று: நாம் வந்து போனது அந்த ஊருக்கே தெரியக் கூடாது.

“இது திருடன் போற மாதிரி இல்ல இருக்குது” என்றேன். பதிமூன்று வயது மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. தம்பி விஷயத்தில் அவளுக்குச் சிரிப்பு வராது.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. நல்ல பிள்ளை. பேராசை இல்லை. சங்கராபுரம் தாண்டியதும் காரில் ஏசியை நிறுத்திவிட்டான், மலைக்காற்றை மதிக்க வேண்டுமாம். மலை வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சித்திரை வெயிலில் வெந்துபோய்க் கச்சிராயபாளையம் சேர்ந்தோம். அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவுகளில் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அதையும் அவன் ஒரு காகிதப் பையில் பிடித்து, பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டான்.

நாங்கள் தங்கிய ஊர் வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வீடு ஒரு பெண்ணுடையது. முப்பது வயது இருக்கும். தன் ஓட்டு வீட்டை ஒட்டி ஒரே ஒரு ரூம் கட்டியிருந்தாள். ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரம், உள்ளே இரண்டு புதுக் கட்டில், பின்னால் புதுக் கக்கூஸ். கட்டிலின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. நாங்கள்தான் முதல் விருந்தாளிகள். அவளுடைய ஐந்து வயதுப் பெண்குழந்தை அம்மாவின் புடவை முந்தியைக் கையில் சுருட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தது. அம்மா தண்ணீர் எடுக்கப் போனாலும் முந்தியை விடவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அவளே எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். புருசன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவன், அங்கேயே ஒரு குடும்பம் சேர்த்துக்கொண்டான். இவள் குழந்தையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். வருடத்துக்கு இரண்டு தடவை வருவாள். ஒரு தடவை வந்தபோது குழந்தை அவளை அடையாளம் தெரியாமல் அண்ணியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. “அன்னிக்கே முடிவு பண்ணேன் சார். இனிமே போறதில்லன்னு.” இருந்த நகையை வைத்து ரூம் கட்டினாள்.

ஊர் லேசில் சம்மதிக்கவில்லை. அருவிக்கு வருகிறவர்கள் குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டு, ஆடுகளின் காலெல்லாம் கிழிந்து, வெளியாள் என்றாலே ஊருக்கு எரிச்சல். கோயிலில் கூட்டம் போட்டுப் பேசி, ஒரு வருடம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு ஒத்து இருந்தால் ரூம் நடக்கலாம். மீறினால் பூட்ட வேண்டும்.

“இது நடக்கலன்னா மறுபடியும் திருப்பூருதான் சார்” என்றாள். குழந்தை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. “ச்சே, இல்லடி, சும்மா சொன்னேன். அம்மா எங்கயும் போவல” என்று அதன் தலையைத் தடவினாள்.

மச்சினன் கண் கலங்கிவிட்டான். “நீங்க கவலையே படாதீங்க அக்கா. எங்க கம்பெனி ஆளுங்க ஒருத்தர்கூட உங்க ஊர்க் கட்டுப்பாட்ட மீற மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு” என்றான். மனதாரத்தான் சொன்னான்.

மறுநாள் காலையில் கல்திட்டைகளைப் பார்த்தோம். ஊருக்கு மேற்கே கொஞ்சம் ஏறினால் பாறைமேட்டில் பத்துப் பதினைந்து கிடக்கின்றன. நான்கு பக்கமும் பலகைக்கல் நட்டு, மேலே ஒரு பெரிய மூடுகல். ஒன்றில் மட்டும் முன்கல்லில் வட்டமாக ஓட்டை. செத்தவர்களுக்காக எழுப்பியது, மூவாயிரம் வருடம் இருக்கலாம் என்றான் மச்சினன். அந்த ஊரில் குள்ளன் வூடு என்கிறார்கள். அந்த மேடுதான் ஊர் எல்லை. எனக்குப் பழமையில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் அந்த மூடுகல்லை நான்கு ட்ராக்டர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது என்று தோன்றியது, அந்த மரியாதை வந்தது. மகள் ஓட்டைக்குள் தலையை விட்டு ஓவென்று கத்தினாள். மாமன்காரன் பதறி இழுத்தான்.

கல்திட்டையைவிட எங்களுக்குப் பெரிதாக அமைந்தது அங்கே போன் டவர் கிடைத்ததுதான். ஊருக்குள் கிடையாது. அந்த மேட்டில் நின்றால் இரண்டு கோடு வரும். மச்சினன் போனோடு அங்கேயே நின்றான், அவனுக்குப் புதன்கிழமை சென்னையில் யாரோ வெளிநாட்டுக்காரர்களுடன் பேச்சு, அவர்கள் ஆள் அனுப்ப ஒப்புக்கொண்டால் கம்பெனி நிமிர்ந்துவிடும்.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. ஊர் அம்மனுக்குத் திருவிழா எப்போது என்று அங்கே மனிதர்கள் முடிவு செய்வதில்லை. பூக்கட்டிப் போட்டு அம்மனிடம் உத்தரவு கேட்கிறார்கள். மூன்று வாரமாகக் கேட்டும் உத்தரவு வரவில்லை, இனி வைகாசிதான் என்று அந்தப் பெண்ணே முன்பு போனில் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம் உத்தரவு வந்துவிட்டது. பறை சத்தம் கேட்டது. உத்தரவு வந்த அன்றே காப்புக் கட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

காப்பு என்றால் என்னவென்று எனக்கும் மனைவிக்கும் தெரியும். எங்கள் ஊரிலும் உண்டு. கட்டிய பிறகு அவிழ்க்கும் வரை ஊரில் இருப்பவன் இரவு வெளியே தங்கக் கூடாது. எங்கள் பக்கம் பூசாரிக்கும் சாமி எடுப்பவர்களுக்கும் மட்டும் கையில் கட்டுவார்கள். இங்கே ஊரில் எல்லார் கையிலும் கட்டுகிறார்கள். நான் ஓடையில் குளித்துக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்படியில் இருந்தாள். கோயிலடியில் நின்றது மச்சினனும் மகளும்.

பெரியதனக்காரர், அந்த ஊரின் தலைவர், நல்ல மனிதர், நடைமுறை தெரிந்தவர். “வெளியாளுங்களுக்குக் கட்டத் தேவல. காப்புக் கட்டறதுக்குள்ள எல்லையத் தாண்டிப் போயிட்டாங்கன்னா தோசமில்ல” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அவளும் எங்களைக் கிளப்ப ஓடி வந்திருக்கிறாள். அதற்குள் என் மச்சினன், ஆகா உள்ளூர்ப் பண்பாடு என்று பூரித்து, முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டிவிட்டான். மகளையும் நீட்டச் சொன்னான். அனுமதி கேட்டுப் போட்டோவும் எடுத்துக்கொண்டான்.

நான் துண்டோடு ஓடிவந்து பார்த்தபோது இரண்டு பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு.

“அடப் பாவி! அது இன்னான்னு தெரியுமாடா உனக்கு? கட்டினா எட்டு நாளு அசைய முடியாதுடா” என்று மனைவி கோயில் என்றும் பார்க்காமல் கத்தினாள்.

“எட்டு நாளா?” என்றான். முகம் செத்துவிட்டது.

அடுத்த ஞாயிறுதான் அவிழ்ப்பார்கள். மகளுக்குக் கட்டியாகிவிட்டது, அவளை விட்டுவிட்டு நாங்கள் போக முடியாது. நானும் மனைவியும் கையை நீட்டினோம். எனக்குக் கட்டும்போதே கரும்பு கண்ணுக்கு முன்னால் நின்றது. “பகல்ல போய் வரலாங்களா?” என்று பெரியதனக்காரரைக் கேட்டேன்.

“பகல்ல எங்க வேணா போங்க. பொழுது சாயறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துரணும். ராத்திரி இங்கதான் படுக்கணும். மீறினா ஊருக்கு ஆவாது” என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, “உன் பொறுப்பும்மா” என்றார். அவள் தலையாட்டினாள். குழந்தைக்கும் அப்போதுதான் கட்டி முடித்தார்கள். எட்டு நாளைக்கு அம்மாவும் எங்கேயும் போக முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. அது அன்று முந்தியை விட்டுவிட்டு மற்ற பிள்ளைகளோடு ஓடியது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மலையிறங்கி ஊருக்குப் போய் என் பைக்கை எடுத்துக்கொண்டு, வெட்டு ஆட்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, வெயில் தாழ மலைக்குத் திரும்பினேன். இடுப்பு கழன்றுவிட்டது. இரவுச் சாப்பாடு சாமைச் சோறும் பருப்பும். காப்பு இருக்கும்போது தாளிக்கக் கூடாது, அதனால் வெறும் வெந்த பருப்பு. பாரம்பரிய உணவு கேட்ட மச்சினன் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “சாப்புடு மாப்ள. உள்ளூர்ப் பண்பாடு” என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான் கிளம்பும்போது அவன் கார் இல்லை. மனைவியின் செருப்புப் பக்கத்தில் ஒரு சீட்டு: புதன்கிழமைக் கூட்டத்தை மாற்ற முடியவில்லை, அக்கா மன்னிக்கவும். நல்ல வார்த்தைகள் நிறைய எழுதியிருந்தான். படித்துவிட்டு மனைவி அதை அடுப்பில் போட்டாள்.

பகலெல்லாம் கரும்புக் கொல்லையில் நின்றேன். காப்புக் கட்டியவன் பச்சை மரம் செடியை வெட்டக் கூடாது, எனவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். வெட்டு ஆட்களின் மேஸ்திரிக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. மூன்று மணி ஆனதும் நான் பைக்கை உதைப்பதைப் பார்த்து, “இன்னாங்க, பொழுது சாஞ்சா மலையேறிடறீங்க? மேல சின்ன வூடு எதாச்சும் செட்டப் பண்ணிக்கினீங்களா?” என்றான். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். “ஆமா, பொண்டாட்டி புள்ளையோட போய் சின்ன வூட்ல தங்கிக்கினுக்கிறேன்” என்றேன்.

மேலே வந்தபோது ஊருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆடு மேய்ப்பவர் ஒருவர் கண்டுபிடித்திருந்தார். என் மச்சினன் காப்புக் கயிற்றைக் கத்தரித்துத் தூக்கி எறியவில்லை. எறிந்தால் குப்பை, அவன் கொள்கைக்கு ஆகாது. புனிதமான பொருள் வேறு. குள்ளன் வூட்டு ஓட்டைக்கல்லில், துருத்திய ஒரு முனையில் பொறுமையாக முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். வந்து போனது ஊருக்கே தெரியக் கூடாது என்றவன்.

மனைவி அந்த மேட்டுக்குப் போய் டவர் பிடித்து அவனைக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அக்கா, நான் அவங்க நம்பிக்கைய மதிக்கிறேன். மதிச்சதாலதான் தூக்கிப் போடாம பத்திரமா கட்டிட்டு வந்தேன்” என்றான்.

“நம்பிக்கை கெடக்குது. அந்தப் பொண்ணு பொழப்பு என்னடா ஆவறது?”

“நான் பெரியவருக்கிட்ட பேசறேன்க்கா. புரிய வெச்சா புரிஞ்சுக்குவாங்க.”

நான் போனைப் பிடுங்கி, அவன் வயதில் ஒருவன் கேட்கக் கூடாத வார்த்தைகளைச் சொன்னேன். இப்போதும் அதில் எனக்கு வருத்தமில்லை.

அன்று கோயிலடியில் பெரியதனக்காரர் பேச்சை வளர்க்கவில்லை. “அம்மா முன்னால வழக்கு வேணாம். காப்பு அவுத்தப்புறம் பேசிக்கலாம்” என்று எழுந்துவிட்டார். அந்தப் பெண் எங்களைத் திட்டவில்லை. ராத்திரி சோறு போடும்போது, “நீங்க மூணு பேரும் இருந்துருங்க சார். நீங்க இருந்துட்டீங்கன்னா கேக்கலாம்” என்றாள்.

எனவே இருந்தோம். எங்களால் முடிந்தது அது ஒன்றுதான். வியாழக்கிழமை லோடு ஏற்ற லாரி மூன்று மணிக்கு வந்தது. பக்கத்தில் நிற்காவிட்டால் கட்டுக்குக் கட்டு கம்மியாகும் என்பது கரும்புக்காரன் எல்லாருக்கும் தெரியும். மேஸ்திரியிடம் விட்டுவிட்டு ஏறினேன். வெள்ளிக்கிழமை மலையில் மழை. வளைவுகளில் ரோடே தெரியவில்லை, பைக் இரண்டு தரம் வழுக்கியது, மேட்டடியில் எல்லை தாண்டும்போது சூரியன் விழுந்துவிட்டதா இல்லையா என்று மேகத்தில் தெரியவில்லை. ஆனால் மேட்டில் மனைவியும் அந்தப் பெண்ணும் பெரியதனக்காரரும் முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். “இன்னும் சாயல” என்றார் பெரியதனக்காரர். சாய்ந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். பிறகு அதே இடத்தில் கூட்டம். நான் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டேன், அவன் செய்தது தப்பு, எங்கள் குடும்பத்தின் தப்பு, இந்தப் பெண் மேல் வைக்காதீர்கள் என்றேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

“அந்தத் தம்பி கெட்டவன் இல்லிங்க. தெரியாம வந்து கைய நீட்டினான், தெரிஞ்சு அறுத்துட்டான். வர்றவங்க எல்லாம் அப்பிடித்தான் இருப்பாங்க. அவங்களுக்கு வேல இருக்குது. எங்களுக்கு ஊரு இருக்குது” என்றார் பெரியதனக்காரர். “வெளியாளுங்கள இனிமே ராத்திரி தங்க வெக்க வேணாம்.”

அந்தப் பெண் தலை குனிந்திருந்தாள். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப இவங்க?” என்று கூட்டத்தில் யாரோ எங்களைக் காட்டிக் கேட்டார்கள்.

“இவங்க இன்னா வெளியாளா? காப்புல இருந்தவங்க. எப்ப வேணா வரலாம், தங்கலாம்” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நான் அதைக் கேட்டு மகிழ்ந்தேனா என்று இப்போது நினைத்தால் தெரியவில்லை.

கிளம்பும்போது மனைவி ரூம் வாடகையைக் கொடுத்தாள். அந்தப் பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “வூட்டு மனுசாகிட்ட யாராச்சும் வாடகை வாங்குவாங்களா அண்ணி? அண்ணா, சொல்லுங்க” என்றாள். அன்று காலைவரை நான் சார், என் மனைவி மேடம். ஆக மொத்தம், அந்த ரூமில் தங்கத் தகுதியானவர்கள் உலகத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும், எங்களிடம் வாடகை வாங்க முடியாது. பைக்கில் மூன்று பேரும் இறங்கி வரும் வழியில் மனைவி அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். கோமுகி அணைக்குப் பக்கத்தில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணன் என்று சொன்ன பிறகு சும்மா இருக்க மனைவி விடவில்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டு போனோம். புடவை, பச்சரிசி, வெல்லம், எங்கள் கொல்லைக் கரும்பு. வீடு பூட்டியிருந்தது. பக்கத்தில் அவள் அண்ணன் வீட்டில் சீரை வாங்கி வைத்தார்கள். அவள் ஆவணியிலேயே திருப்பூர் போய்விட்டாளாம். குழந்தை எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து, எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது. கரும்பை வாங்கிக்கொண்டது, கடிக்கவில்லை.

மச்சினன் கம்பெனி நன்றாக நடக்கிறது. வேறு ஒரு மலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறான். அவன் வலைப்பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது மஞ்சள் கயிறு கட்டிய இரண்டு கைகள், அவனுடையதும் என் மகளுடையதும். முகம் தெரியாமல், அனுமதி வாங்கித்தான் போட்டிருக்கிறான்.

மறு வருடம் சித்திரையில், பூக்கட்டிக் கேட்பதற்கு முன்பே அவளே போன் செய்தாள். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டதாகவும், நாங்கள் வரவேண்டும் என்றும் சொன்னாள். எங்கள் கரும்பு அந்த வருடம் மாசியிலேயே வெட்டி முடிந்திருந்தது. போனோம். நாங்கள் போன ஞாயிறே உத்தரவு வந்து காப்புக் கட்டினார்கள். ரூமில் சாமை மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு கட்டிலை அண்ணன் வீட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றதில் மூட்டைகளை இறக்கி எங்களுக்கு இடம் செய்து கொடுத்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே நைட் ஷிப்டின் கருப்பு.

முதல் நாளே கேட்டாள்: “அந்தத் தம்பி நல்லாருக்காரா அண்ணா?”

“அவனுக்கு இன்னா, கொழுத்துப் போய் நல்லாத்தான் இருக்கான். புது வண்டி வாங்கிட்டான்.”

“அப்பாடா” என்று நெஞ்சில் கை வைத்தாள். “காப்பு அறுத்துட்டுப் போனாரே, எதுனா ஆயிடுமோன்னு பயந்துகினே இருந்தேன். அவருக்காகக் காசு முடிஞ்சு வெச்சேன்.” சாமி மாடத்திலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் காட்டினாள்.  அவனைத் திட்டப் போன வாயை மூடிக்கொண்டேன்.

அந்த எட்டு நாளும் குழந்தை எங்கள் மகளோடு ஓடைக்கும் மேட்டுக்கும் திரிந்தது. ராத்திரி மட்டும் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு, “நாளைக்கு இருப்பியா?” என்று கேட்கும். “காப்பு இருக்குதில்ல, எங்க போவேன்?” என்பாள். ஹாலோ பிளாக் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். ஒவ்வொரு ராத்திரியும் அதே கேள்வி, அதே பதில். சனிக்கிழமை ராத்திரி கேட்டபோது அவள் பாட்டுப் பாடித் தூங்க வைத்தாள். ஞாயிறு சாயங்காலப் பஸ்ஸுக்கு அவள் பை கட்டிலடியில் தயாராக இருந்தது.

ஞாயிறு காலை எல்லாரும் கோயிலடியில் வரிசையாக உட்கார்ந்தோம். பூசாரி ஒவ்வொரு கையாக அவிழ்த்துக் கயிற்றைப் பித்தளைத் தட்டில் போட்டுக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் அவள். குழந்தை அவள் மடியில். பூசாரி குனிந்ததும் குழந்தை தன் இரண்டு கையாலும் அம்மாவின் மணிக்கட்டைக் கயிறோடு சேர்த்துப் பொத்திக்கொண்டது.

“வுடும்மா. சாமி பாக்குது பாரு” என்றாள் அவள்.

“வேணாம். அவுத்தா நீ போயிருவ.”

பூசாரி தட்டோடு கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றார். ஒரு விரலை மெதுவாக எடுத்துப் பார்த்தார், குழந்தை மறுபடி மூடிக்கொண்டது. அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பூசாரி நிமிர்ந்து, அவளை அப்படியே விட்டுவிட்டு, அடுத்து என் கையைப் பிடித்தார்.